அறிவிப்பாளர்

பிறந்த திகதிக்கு நேரே
ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.
"சூறாவளியோட போயிற்று" என்றார்.
புளியந்தீவுக் கந்தோரில் எல்லாரும் சொல்வதுதான்.
எழுபத்தெட்டில் பாதி ஊரின் பிறப்பைக் காற்றுத் தின்றது,
மிச்சத்தைக் கடல்.
நானும் நம்பினேன்; நம்புவதற்குத்தான் சம்பளம்.

"தாய்வழி என்ன குடி?"
அதைமட்டும் தயங்காமல் சொன்னார்.
படுவான்கரையில் அந்தக் குடி அற்றுப்போய்
அறுபது வருசம் என்றார் பியோன், அவர் போன பிறகு.

மதியம்.
சில்மியா அலுமாரியில் போனைச் சாய்த்துவைத்து
தாய்லாந்து நாடகம் பார்க்கிறாள்.
சாகாத ஒருவன்,
மழையிலும் கலையாத முடி,
நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஒருத்தியைத் தேடுகிறான்.
"இவனுக்கென்னகா, சாவுமில்ல, லோனுமில்ல" என்று
பாகற்காய்ப் பொரியலை என் பக்கம் தள்ளுகிறாள்.
சிரித்துக்கொண்டே
பழைய மரணப் பதிவேட்டின் தூசைத் தட்டினேன்,
வேறு யாருக்கோ ஒரு பிரதி தேடி.

தொளாயிரத்துப் பதினொன்று.
கதிராசி, வயது முப்பத்திரண்டு, காய்ச்சல்.
அறிவிப்பாளர்: கணவன், வேலாப்போடி.
கையொப்பத்தின் கடைசி எழுத்து
தூண்டில் முள்ளாய்க் கீழே வளைந்து
மறுகா மேலே ஏறுகிறது.

முப்பத்தெட்டில் தங்கப்பொன். பிரசவம்.
கணவன் பெயர் மயில்வாகனம். அதே தூண்டில்.
ஐம்பத்தேழில் வெள்ளம்.
அவள் பெயரைக் கரையான் தின்றுவிட்டது,
தூண்டில் மிச்சம்.
எண்பத்திரண்டில் மரியப்பிள்ளை, எழுபது வயது, முதுமை.
உறவு என்ற இடத்தில்
"கணவன்" என்று எழுதி, வெட்டி,
"மகன்" என்று எழுதியிருக்கிறது.
அந்த வெட்டில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

தொண்ணூறுக்கு வந்தேன்.
அந்த வருசத்தில் பெயர்களைவிட வெறும் கோடுகள் அதிகம்.
அறிவிக்க ஆளில்லாமல்
என் பெரியண்ணனும் அவற்றுக்கிடையில்தான் எங்கேயோ.
பக்கத்தை ஓசைப்படாமல் புரட்டினேன்.

அடுத்த செவ்வாய் அவர் வாங்கில் இருந்தார்.
முப்பத்தைந்து சொல்லலாம். காதோரம்கூட நரையில்லை.
படிவத்தில் மணமகள் பெயர் இன்னும் வெறுமை.
மூன்று மாதமாய் ஏதோவொரு பிரதி கேட்டு அவர் வருவது
பிரதிக்கல்ல என்று சில்மியாவுக்குத் தெரியும்,
தெரியாததாய் நான் நடிப்பது உட்பட.

எனக்கு நாற்பத்தொன்று.
கைப்பையில் பிரஷர் குளிசை.
பதிவேட்டைத் திறந்து அவர்முன் வைத்தேன்.
"இது உங்கட கையெழுத்தா?"
பொய் சொல்ல வாய் திறந்தவர்
கதிராசியின் பெயரில் விரல் பட
நின்றுவிட்டார்.

"என்னையும் ஒருநாள் இஞ்ச வந்து எழுதுவீங்க."
"எழுதுவன்."
"மகன் எண்டா, பேரன் எண்டா?"
"கணவன் எண்டு. இந்தமுறை வெட்டமாட்டன்.
நம்பாட்டி நம்பாமப் போகட்டும் கந்தோர்."

இதைவிட நல்ல வாக்கு
சாகக்கூடிய எந்த ஆணும் எனக்குத் தந்ததில்லை.
ஆனாலும் கோபம் வந்தது.
ஒவ்வொரு தடவையும் செத்தது அவள்களல்லவா,
இவர் பேனாவோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு ஆர் வைப்பா கையொப்பம்?"
பதில் தேடி வாவியைப் பார்த்தார்.
அங்கே ஒரு நீர்க்காகம்,
யாரோ காயப்போட்ட இறால் வலை.

படிவத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
கோப்பிலும் போடவில்லை.
மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

"நாலேகாலுக்குக் கந்தோர் மூடும்.
வாவிக்கரையில நில்லுங்க.
ஒள்ளுப்பம் பிந்தலாம்."

சன்னலால் பார்க்கிறேன்.
எத்தனை நூறு வருசம் காத்துப் பழகியவரோ,
நிமிசத்துக்கு ஒருதரம்
கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.